தொப்பிக்காரம்மாவுக்கு ஒரு கடிதம்

போன வாரம் ஒரு மதியம் என் மகள் ஜெனி கட்டிலில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள். டெங்குக் காய்ச்சலில் சேலத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்துவிட்டு ஏற்காடு திரும்பி இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இருபது வயதுப் பெண். ஆனாலும் அரைமணிக்கு ஒருதரம் அவள் நெற்றியில் கை வைக்காமல் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. "அம்மா, நெத்தி தேஞ்சு போயிரும்" என்கிறாள். தேயட்டும், பரவாயில்லை.

அப்படிக் கை வைக்கப் போனபோதுதான் திரையில் அந்தப் படம் தெரிந்தது. எந்த நாடோ, முழங்கால் அளவு வெள்ளத்தில் ஒரு பெண் நிற்கிறாள். தோளில் துவண்டு கிடக்கிறது குழந்தை. "பாவம்மா" என்றாள் ஜெனி. கட்டைவிரல் நகர்ந்தது. அடுத்து ஒரு பூனை வந்து நின்றது.

"இரு, இரு. அந்தக் குழந்தைக்கு என்னாச்சாம்? கீழ ஏதோ எழுதியிருந்துச்சே, படி."

"அது போயே போச்சும்மா. இனிமே தேடினாலும் கிடைக்காது."

"இப்பத்தானே இருந்துச்சு?"

"ஏன், உனக்குத் தெரிஞ்சவங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். நான் அடுக்களைக்கு வந்துவிட்டேன். அடுப்பில் அவளுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சி கெட்டிப்படும்போது ஒரு வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? சோற்று வாசனை அடங்கி, லேசாகப் புளித்த, மாவு வெந்த வாசனை. எனக்கு அது சாப்பாட்டு வாசனை இல்லை. சுவரில் தாள் ஒட்டுகிற பசையின் வாசனை.

என் அப்பா இங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களின் பெயரெழுதி, வேலை பிரித்துக் கொடுத்து, கடிதப் போக்குவரத்தும் பார்க்கிற குமாஸ்தாவுக்கு எஸ்டேட்டில் அதுதான் பெயர். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. மற்ற வீடுகளைவிட ஒரு ஜன்னல் அதிகம். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. மற்றபடி எல்லா வீட்டுக்கும் ஒரே சுவர்தான். மழைக்காலம் முடிவதற்குள் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு உதிரும். மார்கழி மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் சுவருக்குத் தாள் ஒட்டுவோம்.

தாள் வந்தது முதலாளி பங்களாவிலிருந்து. முதலாளியம்மாவின் தங்கை வெளிநாட்டில் இருந்தார். அவர் மாதாமாதம் படப் பத்திரிகை அனுப்புவார். பாதிக்கு மேல் வண்ணப் படங்கள், வழுவழுப்பான கனத்த தாள். ஒரு வருஷத்துப் புத்தகங்கள் சேர்ந்ததும் கட்டாகக் கட்டி அப்பாவிடம் கொடுத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் லைன் முழுக்கத் தாள் ஒட்டும் நாள். மாதா படம் வைத்த வீடு, முருகன் படம் வைத்த வீடு என்ற வித்தியாசமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. எல்லா வீட்டு அடுப்பிலும் மைதாப் பசை கொதிக்கும். காப்பிச் செடிக்கு மருந்தடிக்க வைத்திருக்கிற துத்தத்தில் ஒரு சிட்டிகையை அப்பா வீட்டுக்கு வீடு கொடுப்பார். துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. பசை மட்டும் லேசாகப் பச்சை பாரிக்கும். "மேய வர்ற ஆட்டுக்கு வெச்சிராதீங்க, செத்துப்போகும்" என்று வருஷம் தவறாமல் எச்சரிப்பார். எங்கள் லைனில் ஆடே கிடையாது.

தாள் ஒட்டுவதில் ஒரு விதி இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகத்தின் மேல் இன்னொரு தாளை ஒட்டக் கூடாது. மலை, கப்பல், ராக்கெட் என்று வேறு எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம். கண் திறந்து நம்மைப் பார்க்கிற ஆளை மூடினால், அது மூச்சுமுட்ட வைத்த மாதிரி என்று பெண்கள் நினைத்தார்கள். இந்த விதியால் என்ன ஆயிற்று என்றால், வருஷம் போகப் போகச் சுவரில் இயற்கைக் காட்சிகள் குறைந்துகொண்டே வந்தன. மனிதர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். எனக்கு விவரம் தெரிந்த வயதில் எங்கள் வீட்டுச் சுவர் நிறைய உலகத்து ஜனங்கள். கறுப்பு முகங்கள், மூக்கில் எலும்பு செருகிய முகங்கள், பனியில் புருவம் வெளுத்த முகங்கள். எல்லோரும் நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பார்க்கிறவர்களுக்கு முறை வைத்து அழைக்காமல் இருக்க முடியுமா? பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவின் அடுப்புக்கு மேலே மயிர்க் குல்லாய் போட்ட கிழவர் ஒருவர் புகைக்குழாயோடு இருந்தார். "என்ற மாமனாரே வந்து குந்தியிருக்கிறாப்பல இருக்குதுங்க. அதான் புகை நல்லாப் படற எடமாப் பாத்து வெச்சிருக்கேன்" என்பார். அவர் மாமனார் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருப்பார்.

எனக்குப் பத்து வயதான கிறிஸ்துமஸில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் தொப்பிக்காரம்மா. அம்மாவே தேடி எடுத்த தாள். கட்டிலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற உயரத்தில் ஒட்டினார். மலைச்சரிவில் ஒரு கல் வீட்டு வாசல். ஆண்கள் போடுகிற மாதிரி வட்டத் தொப்பி போட்ட ஒரு பெண், தொப்பிக்குக் கீழே தொங்குகிற இரண்டு சடை, பட்டை பட்டையாக நிறம் ஓடிய கம்பளி. மடியில் துணி சுற்றிய குழந்தை. அவர் மட்டும் எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தென் அமெரிக்க மலைப்பக்கம் என்று இன்றைக்கு உடையை வைத்துச் சொல்கிறேன். அன்றைக்கு அதுவும் ஏதோ ஒரு மலை. ஏற்காட்டை விடக் குளிர் அதிகம், அவ்வளவுதான்.

அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் கூடையெடுத்துப் போய்விட்டு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து தொப்பிக்காரம்மாவோடு பேசுவார். "ஏனுங்க, உங்கூர்லயும் இப்படித்தான் வெரல் வெறைக்குதுங்களா?" என்பார். எனக்கு மானம் போகும். மலைமேல் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பெண் நான். என் அம்மா தாளோடு பேசுகிறார் என்று தெரிந்தால் தோழிகள் என்ன நினைப்பார்கள்?

தை பிறந்ததும் தம்பி சீலனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றரை வயது. மார்பில் சளி கட்டி, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது. எஸ்டேட் மருந்தகத்துக் கம்பவுண்டர் ஊசி போட்டுவிட்டு, "நாளைக்கும் இப்படியே இழுத்துச்சுன்னா சேலத்துக்குக் கொண்டு போயிருங்க" என்றார். சொல்லும்போது அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

மறுநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது அப்பா ஜீப் ஏற்பாடு செய்யப் பங்களாவுக்குப் போயிருந்தார். சீலன் அம்மா மடியில் கிடந்தான். சுவரில் இருந்ததைப் போலவே அம்மாவும் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"இந்தம்மா புள்ளைக்கும் காச்சலாட்டத்தான் தெரியுது. அடியில பொடியெழுத்தா என்னமோ போட்டிருக்குது பாரு. படிச்சுச் சொல்லு கண்ணு."

மண்டியிட்டுப் படித்தேன். இரண்டே வாக்கியம். காய்ச்சலில் கிடக்கும் மகனுடன் ஒரு தாய். இந்தப் படம் எடுத்த மறுநாள் குழந்தை இறந்துபோனது.

கடைசிச் சொல் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்திருந்தது. மாதா கோவில் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல்லில் அந்தச் சொல்தான் இருக்கும். நான் ஆங்கிலம் கற்ற இடங்களில் அதுவும் ஒன்று.

"என்ன போட்டிருக்குது?"

"காச்சல்தாம்மா" என்றேன். "நல்லாயிருச்சாம். மறுநாளே எந்திரிச்சு உக்காந்துக்கிச்சாம்."

"மறுநாளேவா சாமி?"

"ஆமாம்மா. மறுநாள்னுதான் போட்டிருக்குது."

அந்த ஒரு சொல் மட்டும் பொய்யில்லை. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பினார். "நல்லா இருப்பீங்க" என்றார். சீலனை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் காதில், "கேட்டியாடா? அந்த அண்ணன் எந்திரிச்சு உக்காந்துக்கிச்சாம்" என்றார். மூன்று நாளாகச் சாப்பிடாதவர், எழுந்துபோய் ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தார்.

சாயங்காலம் ஜீப் வந்தது. வளைவு வளைவாக இறங்கி சேலம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வாரத்தில் சீலன் திரும்பிவந்தான். வந்த அன்றே என் ஜாமெட்ரி பாக்ஸைக் கீழே போட்டு உடைத்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு நல்ல பெண் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருப்பேன். ஆனால் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அந்தம்மாவுக்கு ஒரு லெட்டர் போடோணுங்க" என்றார் அப்பாவிடம். பத்திரிகை ஆபீஸ் முகவரி வேறொரு பக்கத்தில், ராசாத்தி அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அந்த ஆபீசுக்கு அனுப்பினால் அவர்கள் சேர்த்துவிடுவார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. எஸ்டேட் கடிதங்கள் அத்தனையும் அப்படித்தானே ஆபீஸ் வழியாக வந்து சேர்கின்றன! அப்பாவுக்கும் அது சரியாகவே பட்டது. அவருக்கு ஆங்கிலத்தில் எழுதக் கிடைக்கிற எந்த வாய்ப்பும் சரியாகவே படும். நான் படித்துச் சொல்லிவிட்டதாலோ என்னவோ, படத்தின் அடியிலிருந்த பொடியெழுத்தை அவர் குனிந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதினார். ராசாத்தி அக்காவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"உங்க புள்ள பொழச்சுக்கிட்டதுல எங்களுக்கு நொம்பச் சந்தோசமுங்க. என்ற புள்ளையும் பொழச்சுக்கிச்சுங்க. உங்களப் பாத்துத்தான் எனக்குத் தெம்பு வந்துச்சுங்க."

"தெம்புக்கு இங்கிலீஷ்ல என்ன எழுதறது" என்று அப்பா பேனாவைக் கடித்தார். அவருக்குப் பழகியதெல்லாம் உரமூட்டை கேட்டு எழுதுகிற ஆங்கிலம். மேற்படி பொருள் தொடர்பாக, தங்கள் மேலான கவனத்துக்கு என்றெல்லாம் ஆரம்பித்திருந்தார்.

"எழுதுங்க. பனியில வெறுந்தலையோட புள்ளய வெளிய வெச்சுக்கிட்டு உக்காராதீங்க. காதை மூடித் துணி கட்டுங்க."

"தொப்பி எங்க வாங்குனாங்கன்னு கேளுங்கக்கா" என்றார் ராசாத்தி அக்கா. "எங்கூட்டுக்காரருக்குச் சொட்டை நாளுக்கு நாள் ஏறிட்டுப் போகுது."

"நீ சும்மா இரு புள்ள. எழுதுங்க. இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வராமப் போயிராதீங்க. பஸ்ஸு ஒண்டிக்கடையில நிக்கும். எறங்கி ரைட்டர் ஊடு எதுன்னு கேட்டா ஆரு வேணாலும் சொல்லுவாங்க."

எல்லாம் எழுதி, மடித்து, தபால்தலை ஒட்டி, பள்ளிக்குப் போகிற வழியில் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார் அப்பா.

ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் தபால் பெட்டி முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பெட்டியின் வாய் எனக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. இந்தக் கடிதம் போய்ச் சேரும். யாராவது அதை அந்த அம்மாவுக்கு அவர் பாஷையில் படித்துக் காட்டுவார்கள். பிள்ளை பொழச்சுக்கிட்டதுல சந்தோசமுங்க என்று. அந்த முகம் நிமிர்ந்து என்னைப் பார்ப்பது போல இருந்தது. பள்ளி மணி அடித்துவிட்டது. கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் திரும்பி வரும்போது, பழம் அரைக்கிற பல்பர் கொட்டகைக்குக் கீழே, காப்பித் தோல் கொட்டி அழுகவிடுகிற குழியில் அதைப் போட்டேன். சிவப்புத் தோலில் வெள்ளை உறை துருத்திக்கொண்டு தெரிந்தது. குச்சியால் அழுத்தினேன்.

அதற்கப்புறம் அம்மா காத்திருந்தார். அப்பா தபாலோடு வரும்போதெல்லாம், "ஏனுங்க, தொப்பிக்காரம்மா ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்பார். சித்திரையில் கேட்டார், ஆடியில் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். படத்தோடு பேசுவதும் குறைந்தது. ஒருநாள் ராசாத்தி அக்காவிடம், "பதில் போட்டாத்தான் என்னங்கறேன்? எஸ்டேட்டுக்காரிக்கு எதுக்கு எழுதறதுன்னு இருப்பாங்களாட்ட இருக்குது" என்று சொல்வதைக் கேட்டேன். நான் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தாள் ஒட்டும்போது அம்மா ஒரு ரயில் படத்தை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். நான் பதறிப்போய், "அம்மா, மூஞ்சி மேல ஒட்டக் கூடாது" என்றேன்.

"அவங்கதான் நம்மளப் பாக்கறதே இல்லையே" என்று பசையைத் தடவினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் முன்னாலேயே ரகசியமாகச் சொல்லியிருந்தாலும் போதும். அவர் கடிதத்தை மாற்றி எழுதியிருப்பார். துக்கம் விசாரித்து எழுத அவருடைய ஆங்கிலம் ஒருவேளை பொருத்தமாகவே இருந்திருக்கும். பத்து வயதில் எனக்குத் தெரிந்தது இரண்டே வழி, போடுவது அல்லது போடாமல் இருப்பது.

இத்தனை வருஷமும், முன்பின் தெரியாத ஒரு தாயின் புண்ணைக் கிளறாமல் காப்பாற்றினேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். போன மாதம் அதிலும் மண் விழுந்தது. ஜெனிக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் மிகக் கீழே போன அன்று, எஸ்டேட் கம்பவுண்டரைப் போலவே டாக்டரும் என்னைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போனார். நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பள்ளி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் செல்வி போன் செய்தாள். "டீச்சரம்மா யாரோ சொன்னாங்க, ஜெனி டிஸ்சார்ஜ் ஆயிட்டாளாமே! நொம்பச் சந்தோசங்க்கா" என்றாள். யாரையோ நினைத்து யாரோ சொன்ன தகவல்.

எனக்குக் கோபம் வரவில்லை. "இல்ல செல்வி" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒன்றும் மறைக்க முடியவில்லை. அழுதேன். அவள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஒன்பது நாளில் நான் வாய்விட்டு அழுதது அந்தத் தப்பான போனில்தான். விஷயம் சரியாகத் தெரிந்தவர்கள் யாரும் அன்று என்னைக் கூப்பிடவில்லை. பயந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் பயந்துதான் இருப்பேன்.

இப்போது இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தப் படத்தை எடுத்தவர் மறுநாளும் அந்தக் கல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், அல்லது யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வாக்கியம் எப்படி வந்திருக்கும்? படம் எடுத்ததோடு அவர் போயிருந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு தொப்பியும் கம்பளியும்தான் வந்து சேர்ந்திருக்கும். அவர் விசாரித்தார். பின்னாலேயே என் அம்மாவும் விசாரித்தார். நடுவில் நான் குச்சியை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜெனி தூங்கும்போது அவள் போனில் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். மலை, தொப்பி, தாய், குழந்தை என்று போட்டால் ஆயிரம் வருகின்றன. சிரிக்கிற அம்மாக்கள், சுற்றுலாக்காரர்களோடு நிற்கிற அம்மாக்கள். எங்கள் தொப்பிக்காரம்மா இல்லை. அன்று உறைமேல் எழுதியிருந்த பத்திரிகையின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அட்டையைக் கிழித்த பிறகுதான் கட்டு எங்களுக்கு வரும்.

சீலன் இப்போது குப்பனூர் பக்கம் வேன் ஓட்டுகிறான். அன்று மூச்சிழுத்தவனுக்கு இன்றைக்குத் தொண்டை பெரிசு. அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அம்மா போய் ஆறு வருஷம். கடைசிவரை அவர் நினைப்பில் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தது. அந்தத் தாய்தான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர். லைன் வீடுகளை இடித்துவிட்டுத் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். அத்தனை வருஷத்து முகங்களும் பசையும் ஒரே கெட்டியாகப் பிடித்துப்போய், சுவர் விழுந்த பிறகும் தாள் தனியே பாய் போலச் சுருண்டு நின்றது என்று இடித்த ஆட்கள் சொன்னார்கள். லாரியில் அள்ளிப் போட்டார்களாம். பல்பர் குழி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.

தொப்பிக்காரம்மா இருந்தால் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். அவருடைய பிள்ளையை அங்கே இப்போது எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ தெரியாது. பூமிக்கு மறுபக்கத்தில் வேறொரு மலையில், ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, "ஏனுங்க, புள்ள எப்படியிருக்குதுங்க?" என்று தினம் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதை அவருக்குச் சொல்ல இந்த உலகத்தில் அப்பா எழுதிய ஒரே ஒரு தாள்தான் இருந்தது.